அடிக்க மாட்டேன் என்றவர்களும் அடித்துக் காட்டியவர்களும்



'கலையின் பொருளும் சமூக மாற்றமும்' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேசப்போகிறவருக்குப் பாதை ஏற்கெனவே போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. கலை சமுதாயத்தின் கண்ணாடி என்று தொடங்கி, கலை ஓர் ஆயுதம் என்று முடித்து, நடுவில் இரண்டு மூன்று பெரியவர்களின் பெயரைச் சொன்னால் போதும், கைதட்டல் நிச்சயம். அந்தப் பாதையில் போக எனக்கு விருப்பமில்லை. ஒரே ஒரு தோற்கருவியின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். வழியில் நாடகக் கொட்டகைக்குள்ளும் சதிர்க் கச்சேரிக்குள்ளும் நுழைய வேண்டிவரும். நேரம் கூடினால் அவைத் தலைவர் மணியடிக்கலாம்.

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஊர்களில் அறிவிப்புச் சொல்லப் பறையடித்துத் தண்டோரா போடுவதை நிறுத்த வேண்டும், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொள்ளலாம், மீறி யாரையாவது அந்த வேலையில் ஈடுபடுத்தினால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஐந்தே மாதம் கழித்து, 2023 பொங்கலையொட்டி, அதே அரசு 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா'வை நடத்தியது. நகரத்தின் பல இடங்களில் மேடை போட்டார்கள். அங்கே பறை முழங்கியது. கூட்டம் செல்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஒரு கையால் பறையை நிறுத்தச் சொல்கிற அரசு மறு கையால் மேடை போட்டு அடிக்கச் சொல்கிறதே, இது என்ன முரண் என்று அப்போது சிலர் கேலி செய்தார்கள். முரண் எதுவும் இல்லை என்பது என் கருத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் இன்றைய தலைப்பு. கருவி ஒன்று, தோல் ஒன்று, அடிக்கிறவர் பிறந்த தெருகூட ஒன்றாக இருக்கலாம். ஊர்த் தெருவில் தண்டோரா போடுகிறவருக்கு 'இன்றைக்கு முடியாது' என்று சொல்ல வாய் இல்லை. மேடையில் நிற்பவருக்கு இருக்கிறது. அந்த ஒரு சொல் கையில் இருக்கிறதா, இல்லையா என்பதை வைத்தே ஒரு கலையின் பொருளைப் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். சமூகத்தைக் கலை மாற்றுகிறதா என்ற கேள்வியையும் அங்கிருந்துதான் கேட்க வேண்டும்.

பறையைத் தொலைவில் நின்று கேட்டவர்களே இந்த அவையில் அதிகம் இருப்பீர்கள். கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வளைவாகச் செதுக்கிய மரத்துண்டுகளைப் பூட்டி வட்டச் சட்டம் செய்கிறார்கள். பதப்படுத்திய மாட்டுத் தோலைப் புளியங்கொட்டைப் பசை தடவி அதன்மேல் இழுத்து ஒட்டுகிறார்கள். இடக்கையில் மெலிந்து நீண்ட மூங்கில் சிண்டுக்குச்சி. வலக்கையில் குட்டையான, கனத்த அடிகுச்சி. தோளில் தொங்கும் கருவி மார்புக்கும் இடுப்புக்கும் நடுவே அணைந்து நிற்கும். அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்ச வேண்டும். காய்ச்சல் ஏறினால்தான் குரல் ஏறும். மழைக்கால இரவில் இது எத்தனை முறை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அடித்துக்கொண்டே ஆட வேண்டும். ஆடிக்கொண்டே எதிரே நிற்கிறவரின் அடிக்குப் பதில் அடிக்க வேண்டும். ஓர் அடவிலிருந்து இன்னோர் அடவுக்குப் போகும்போது யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. முன்னால் நிற்பவரின் குச்சி சொல்லும்.

இத்தனை நுணுக்கமும் எங்கே செலவானது? சாவு வீட்டில், அம்மன் கோயில் கொடையில், அதுவும் தேருக்கு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்ற அளவோடு, செத்தவரின் உறவுக்காரர் ஊர்களுக்கு நடந்துபோய்ச் சேதி சொல்வதில், ஏலம், வரி, பஞ்சாயத்துக் கூட்டம் என்று தெருத் தெருவாகக் கூவுவதில். கூலியாக அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல், சாவு வீட்டில் ஒரு வேட்டி, கொஞ்சம் சில்லறை, சாராயம். கூலியைவிட முக்கியமானது, அதை 'வேண்டாம்' என்று சொல்ல வழி இல்லாதது. 'எங்க அப்பன் அடிச்சான், நானும் அடிக்கணும்' என்பது அங்கே பரம்பரைப் பெருமையாக வராது; தலையெழுத்தாகத்தான் வரும்.

அங்கே கலை இல்லையா என்று மாணவர்கள் கேட்பார்கள். இருந்தது. சாவு வீட்டு முற்றத்தில் இரவு முழுவதும் அடித்தவரின் கைத்திறம் எந்தச் சபாவின் தனியாவர்த்தனத்துக்கும் குறைந்ததில்லை. அந்த அடிக்கு என்ன பொருள் என்று தீர்மானிக்கிற உரிமை மட்டும் அடித்தவரிடம் இல்லை. அவர் துக்கத்துக்கு அடித்தார், கொண்டாட்டத்துக்கு அடித்தார், அறிவிப்புக்கு அடித்தார். எதற்காக அடித்தாலும் ஊர் அதை ஒரே செய்தியாகத்தான் கேட்டது: இவன் இன்ன சாதி, இவன் இங்கே நிற்க வேண்டியவன். தாளம் எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் இந்தச் செய்தி மாறவில்லை. கலை தன் அழகினாலேயே சமூகத்தை மாற்றிவிடும் என்று நம்புகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அழகு குறைந்திருந்ததால்தானா நூற்றாண்டுகளாக எதுவும் மாறவில்லை?

பறையின் அண்மைக் கால வரலாற்றில் முதல் மாற்றத்தைச் செய்தவர்கள் அதை அடித்தவர்கள் அல்லர். அடிக்க மறுத்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் வெவ்வேறு பத்தாண்டுகளில், வெவ்வேறு மாவட்டங்களில், 'இனிமேல் சாவுக்கு அடிக்க மாட்டோம்' என்று சேரிகள் கூடி முடிவெடுத்தன. சில ஊர்களில் பறையை உடைத்தார்கள், எரித்தார்கள். அதற்குக் கிடைத்த பதில் பல இடங்களில் அடி, உதை, வேலை மறுப்பு, பொதுக் கிணறும் பாதையும் அடைப்பு. ஒரு கருவியை ஒலிக்காமல் வைத்திருந்ததற்கு இவ்வளவு விலை கொடுக்க நேர்ந்ததென்றால், அந்த மௌனம் ஊருக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும்! தமிழ்க் கலை வரலாறு எழுதுகிறவர்கள் அரங்கேற்றங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். இந்த மறுப்புகளைக் குறித்து வைத்தவர்கள் மிகக் குறைவு. அவற்றின் தேதிகளும் ஊர்ப் பெயர்களும் அந்தந்தத் தெருப் பெரியவர்களின் நினைவோடு போய்க்கொண்டிருக்கின்றன. நாட்டுப்புறவியல் துறை மாணவர்கள் யாராவது முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால், இதோ ஒன்று கிடக்கிறது.

இதற்கு ஓர் அகன்ற பின்னணி உண்டு. 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில் அம்பேத்கர் தம் மக்களிடம் செத்த மாட்டு இறைச்சியை விடச் சொன்னார். அடுத்த ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகர் சாதியினரின் பரம்பரை ஊர் ஊழியமான 'வதன்' முறைக்கு எதிராக ஒரு மசோதா கொண்டுவந்தார். கொஞ்சம் நிலத்தையும் களத்து மேட்டுத் தானியத்தையும் காட்டி, இரவு பகல் எந்நேரமும் கூப்பிட்ட குரலுக்கு ஓடவைத்த முறை அது.  பிறப்பினால் வரும் வேலையில் மறுக்க இடமில்லை என்பது அந்த முறையின் கொடுமை. அந்தக் காலத்தில்தான் மகாராட்டிரத்தில் தமாஷாக் கலைஞர்கள் சிலர் தங்கள் பழைய ஆட்ட வடிவத்தைக் கழுவித் துடைத்து அம்பேத்கரின் கருத்துகளை ஊர் ஊராகக் கொண்டுபோகும் 'ஜல்சா'வாக ஆக்கினார்கள். மறுப்பும் மறுபடி எடுத்தலும் அங்கே ஏறக்குறைய ஒரே தலைமுறையில் நடந்தன. நம் ஊரில் இடைவெளி நீண்டது.

நம் ஊரில் பறையை மறுபடி கையில் எடுத்தவர்களில் சிலரைச் சொல்ல வேண்டும். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இசை கற்பித்த தியோபிலஸ் அப்பாவு – 'பறட்டை' என்று அறியப்பட்டவர், 2005-இல் மறைந்தார் – நாட்டுப்புற மெட்டுகளையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். மேல்நாட்டுப் பாமாலையும் கர்நாடகக் கீர்த்தனையும் கோலோச்சிய தேவாலயத்துக்குள் அது நுழைந்தபோது முகம் சுளித்தவர்களில் பலர் அந்தக் கருவியோடு தொடர்புடைய குடும்பங்களிலிருந்தே வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தப்பித்து வந்த வாசலுக்குத் திரும்பிப் போகச் சொல்கிறாரோ என்று அவர்கள் பயந்தார்கள். கே.ஏ. குணசேகரன், நாட்டுப்புறவியல் ஆய்வாளர், பாடகர், 'வடு' என்ற தன்வரலாற்றை எழுதியவர். கவிஞர் இன்குலாபின் பாட்டை அவர் எடுத்துப் பாடிய கூட்டங்களுக்குப் போனவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு தலித் இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. இந்தக் கடைசிச் செயல் நினைப்பதைவிடப் பெரியது. பெரும்பாலும் ஆண்கள் கையில் மட்டுமே இருந்த கருவி, அதுவும் சாவோடும் சாராயத்தோடும் ஒட்டிக் கிடந்த கருவி, பெண்பிள்ளைகளின் இடுப்பில் ஏறியதும், பார்க்கிறவர்களுக்குப் பழைய செய்தியைப் படிக்க முடியாமல் போயிற்று. 'இவன் இன்ன வேலைக்காரன்' என்று படித்துப் பழகிய கண் தடுமாறியது.

இவர்கள் யாரும் மறுப்பை மாற்றி எழுதவில்லை. மறுத்தவர்களின் தோள்மேல் ஏறித்தான் இவர்கள் அடித்தார்கள். அப்பன் 'மாட்டேன்' என்று சொல்லியிருந்ததால்தான் மகள் 'அடிப்பேன்' என்று சொல்லியதற்கு ஒரு மதிப்பு வந்தது. கலை சமூகத்தை மாற்றியது என்று சொல்வதைவிட, சமூகத்தில் ஒரு சின்ன மாற்றம் நடந்து, அது கலையின் பொருளை மாற்றி, அந்தக் கலை அடுத்த மாற்றத்தை இழுத்துக்கொண்டு வந்தது என்று சொல்வது நியாயமாக இருக்கும். ஏர் பூட்டிய மாடுகளில் எது முன்னால் போகிறது என்று கேட்பதில் பொருளில்லை.

இனி நாடகக் கொட்டகைக்குள் போவோம்.

சிவகாசியில் 1886-இல் பிறந்த விசுவநாததாஸ் முடிதிருத்தும் மருத்துவர் குலத்தவர். குரலும் உருவமும் வாய்த்தவர். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்களில் முருக வேடத்துக்குப் பெயர்போனவர். அந்தக் காலத்து ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பை நினைவில் கொள்ளுங்கள். கம்பெனி கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், பின்பாட்டு என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி வரவழைப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரியும். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடிய விடிய தர்க்கம் நடக்கும். வள்ளி தினைப்புனம் காக்கிறாள். ஆலோலம் பாடிப் பறவை விரட்ட வேண்டும். அந்த இடத்தில்தான் வெள்ளைக் கொக்கு பறந்து வரும் பாட்டு நுழைந்தது. கொக்கு யார் என்று கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவருக்கும் தெரியும். பின்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த போலீஸ்காரருக்கும் தெரியும். அச்சடித்த நாடகப் பிரதியைத் தடை செய்யலாம். அன்றைக்கு இரவு அந்த மேடையில் கதைக்குள் புகுந்துவிட்ட பாட்டை என்ன செய்வது? பாடியவரைத்தான் பிடிக்க முடியும். பலமுறை பிடித்தார்கள். சிறையிலிருந்து வெளியே வந்து மறுபடி பாடினார்.

விசுவநாததாஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சிறைக் கதையோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு இன்னொரு பக்கம் முக்கியம். அவரோடு சேர்ந்து நடிக்க மேல்சாதி நடிகர்கள், நடிகைகள் பலர் மறுத்தார்கள். முருகனாக அவர் மேடைக்கு வந்ததும் கொட்டகையில் கற்பூரம் காட்டிக் கும்பிட்டவர்கள் இருக்கிறார்கள். வேடம் கலைத்த பிறகு அதே ஆளோடு பந்தியில் உட்கார அவர்களில் எத்தனை பேர் துணிந்திருப்பார்கள்? இங்கேயும் ஒரு மறுப்பு இருக்கிறது, கவனியுங்கள். நடிக்க மறுத்தவர்களுக்கு அந்த உரிமை இருந்தது. அந்த உரிமை சாதி கொடுத்தது. நான் முதலில் சொன்ன அளவுகோலுக்கு இது ஒரு நல்ல சோதனை. மறுக்க முடிவது மட்டும் போதாது. எதை, யாரை மறுக்கிறோம் என்பதும் இருக்கிறது. தன்மேல் ஏற்றப்பட்ட வேலையை மறுப்பது ஒன்று. தன் பக்கத்தில் இன்னொருவர் நிற்பதை மறுப்பது வேறு.

அப்படியானால் அவர் கலை என்னதான் மாற்றியது? விடுதலை கேட்கிற உணர்வைப் படிக்காத மக்களிடம் கொண்டுபோனது என்பது எல்லோரும் ஒப்புக்கொள்வது. சாதியில் அது செய்ததை அளப்பது கடினம். ஆனாலும் அவருக்காகக் கொட்டகை நிரம்பியது. அதனால் நாடகம் பேசுகிறவர்கள் அவரைக் கூப்பிட்டே ஆக வேண்டியிருந்தது. அதனால் வீம்பு பிடித்த நடிகர்களை விட்டு, உடன் நடிக்கச் சம்மதித்தவர்களைத் தேடிப் பேச வேண்டியிருந்தது. வசூல் என்ற அற்பமான காரணத்தின் வழியாக ஒரு சமத்துவம் மேடைக்குள் வந்தது. லட்சியத்தின் வழியாக வந்திருந்தால் நமக்கு இன்னும் பெருமையாக இருந்திருக்கும். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில், முருக வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

மறுக்கவே முடியாதவர்களும் அதே நாடக உலகத்தில் இருந்தார்கள். பாலர் கம்பெனிகளைச் சொல்கிறேன். டி.கே.எஸ். சகோதரர்கள் 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தபோது சின்னப் பிள்ளைகள். அந்தக் கம்பெனிகளிலிருந்து பெரிய நடிகர்கள் வந்தார்கள், உண்மை. பட்டினியும் பிரம்படியும் பெற்றோர் போட்ட ஒப்பந்தமுமாகக் கழிந்த குழந்தைப் பருவங்களும் அங்கேதான் இருந்தன. அவர்கள் நடித்த அரிச்சந்திரன் சத்தியத்தைப் பற்றியது. நடித்த பையனுக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்ல வழியில்லை. கலையின் கருத்து ஒரு பக்கம், அது செய்யப்படும் விதம் மறு பக்கம் என்று இரண்டும் விலகி நிற்கும்போது, காலப்போக்கில் மக்கள் மனத்தில் தங்குவது செய்யப்படும் விதம்தான் என்பது என் ஊகம்.

கலைக்கு வலிமை இருக்கிறது என்பதில் அரசுகளுக்கு எப்போதும் நம்மைவிட அதிக நம்பிக்கை. 1876-இல் கல்கத்தாவின் கிரேட் நேஷனல் தியேட்டரில் வேல்ஸ் இளவரசரின் வருகையையொட்டிய ஒரு கேலி நாடகம் ஆட்சியாளர்களைச் சுட்டதும் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் பிறந்தது. விடுதலைக்குப் பிறகும் அது சாகவில்லை. 1954-இல் சென்னை மாநிலம் தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் செய்துகொண்டது. நடிகர் எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகத்தை மனத்தில் வைத்துத்தான் அது வந்தது என்று அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து, 'பரீக்ஷா' நாடகக் குழுவை நடத்திய ஞாநி போட்ட வழக்கில், 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தள்ளியது. 1876-ஆம் ஆண்டுச் சட்டம் 2018-இல் நீக்கப்பட்டது. ராதாவோ தடைகளை விளம்பரமாக மாற்றத் தெரிந்தவர். மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வர வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டு நாடகம் போடுவாராம். பார்வையாளருக்கும் மறுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு நடத்திய நாடகம் அது. நம் காலத்தில் புண்படுகிறவர்கள் டிக்கெட் வாங்காமலேயே புண்படுகிறார்கள்.

இதுவரை சொன்னது எனக்கு வசதியான எடுத்துக்காட்டுகள். வசதியில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். தேவதாசி மரபும் அதன் ஆட்டமான சதிரும்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர்; மறுத்து வெளியே வந்தவர்; 1936-இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை எழுதியவர். பெண்ணைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தொடங்கிய முயற்சி 1947-இல் சட்டமாயிற்று. அந்தச் சட்டத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஏழு வயதுப் பெண்ணுக்குப் பொட்டுக்கட்டும்போது அவள் 'மாட்டேன்' என்று சொல்ல முடியாது. அதற்குமேல் வாதம் தேவையில்லை.

ஆனால் அதே மரபில் பிறந்த பாலசரஸ்வதி ஆடுவேன் என்றார். யார் சொன்னாலும், எது மாறினாலும் ஆடுவேன் என்றார். அதுவும் தேர்வுதானே? இராமாமிர்தம் அம்மையாரின் 'மாட்டேன்' எவ்வளவு செம்மையானதோ, பாலசரஸ்வதியின் 'ஆடுவேன்' அவ்வளவு செம்மையானது. நடந்தது என்ன? 1931-இல் சென்னை மியூசிக் அகாதெமி மேடையில் அந்த மரபுக் கலைஞர் கல்யாணியின் மகள்கள் ஆடினார்கள். 1935-இல் அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் மேல்சாதி வீட்டு ருக்மிணி தேவி ஆடினார். அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய கலாக்ஷேத்ரா என்ற கலைப்பள்ளி வந்தது. இருபது ஆண்டுகளுக்குள் மேல்சாதி வீட்டுப் பெண்களுக்கு ஆட்டம் கௌரவமாகிவிட்டது. அதைக் காப்பாற்றி வைத்திருந்த வீட்டுப் பெண்களுக்குப் பெரும்பாலும் மேடை மூடிக்கொண்டது. நட்டுவனார்கள் மட்டும் புதிய பள்ளிகளில் சம்பளத்துக்குக் கற்பித்தார்கள். பாலசரஸ்வதிக்கு 1973-இல் சங்கீத கலாநிதி கிடைத்தது. அவரைப் போல் ஊன்றி நிற்க வசதியும் வைராக்கியமும் இல்லாத பெண்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. கொடுமையிலிருந்து விடுபட்டவர்கள் கலையிலிருந்தும் விடுபட்டுப் போக வேண்டும் என்று யாரும் சட்டம் எழுதவில்லை. அப்படித்தான் நடந்தது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையைப் பெற்றுக்கொடுத்த சமூகம், வேண்டும் என்று சொல்கிறவருக்கு மேடை கொடுக்க மறந்தது. மறந்தது என்று மரியாதைக்காகச் சொல்கிறேன்.

தோலுக்குத் திரும்பி வருகிறேன். மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் இருக்கிறது. எருமைத் தோலும் ஆட்டுத் தோலும் இருக்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுத்து, இழுத்துக் கட்டி, வாசிப்பவரின் காதுக்கு ஏற்ற நாதம் வரும்வரை உட்கார்ந்து வேலை செய்யும் குடும்பங்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்து என்ற கைவினைஞர் இருந்தார் என்பதைக் கச்சேரிக்குப் போய்வருகிற எத்தனை பேர் அறிந்திருந்தோம்? அந்த நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா விலக்கிக்கொண்டது. விழா சென்னையில் ஓர் இதழியல் கல்லூரியில் நடந்தது. ஒரே தோல் ஒரு கருவியில் தீட்டாகவும் இன்னொன்றில் தெய்வ வாத்தியமாகவும் இருக்க முடிகிறதென்றால், தீட்டு தோலில் இல்லை. தொடுகிற கையைப் பற்றிய எண்ணத்தில் இருக்கிறது. இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. கச்சேரி நிகழ்ச்சி நிரலில் பாடகர், வயலின், மிருதங்கம் என்று அச்சிடும்போது கருவி செய்தவர் பெயரையும் ஒரு வரியில் போட வேண்டும் என்பது மட்டும் எளிதில் செய்யக்கூடிய காரியம். ஒரு சபா தொடங்கினால் மற்றவை பின்னால் வரும்.

பறை இன்று எங்கே நிற்கிறது? 2025-இல் மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். கல்லூரி விழாக்களில் போட்டி நடக்கிறது. வெளிநாட்டுத் தமிழர்கள் வார இறுதியில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். நெகிழி வட்டத்தில் செய்த, நெருப்பில் காய்ச்சத் தேவையில்லாத பறைகள் கடையில் கிடைக்கின்றன. தமிழர் அனைவரின் ஆதி இசை என்று அறிவிப்பாளர் முழங்குகிறார். அந்த அறிவிப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சதிரின் நினைவு வருகிறது. அனைவருக்கும் பொதுவானது என்று சொல்லிக் கையிலிருந்து வாங்கிக்கொள்வது நமக்குத் தெரிந்த வித்தைதான். பயிலரங்குக்குக் கட்டணம் கட்டிப் பத்து நாளில் நாலு அடவு கற்றுக்கொண்ட பையனுக்கு அது பெருமை. அவன் திரும்பிப் போகிற வீட்டில் யாரும் அவனைச் சாவுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

கலைக்குழுக்களுக்குள்ளேயே சாவுக்கு அடிப்பது பற்றி ஒரு விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. சில குழுக்கள் சாவுக்கு அடிப்பதில்லை என்று கறாராக வைத்திருக்கின்றன. குடித்துவிட்டு யாரும் கருவியைத் தொடக்கூடாது என்பது அவர்களின் இன்னொரு விதி. மேடையில், பேரணியில், திருமணத்தில் அடிப்போம். பழைய முற்றத்துக்கு மட்டும் போக மாட்டோம் என்கிறார்கள். இன்னொரு சாரார், சாவுதான் பறையின் பெரிய பள்ளிக்கூடம், அதை விட்டால் பாதி அடவுகள் மறைந்துபோகும் என்கிறார்கள். எந்தச் சாதி வீட்டுச் சாவானாலும் ஒரே கூலி, முன்பணம், வண்டிச் செலவு, வந்தவர்களுக்கு மற்றவர்களோடு சேர்த்துப் பந்தி என்று பேசிக்கொண்டு போகலாமே என்பது அவர்கள் வாதம். முதல் சாராரின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்த முற்றத்தில் நின்றவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே திரும்பாமலிருக்க முழு உரிமை உண்டு. ஆனாலும் என் மனம் இரண்டாம் சாரார் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. பல ஊர்களில் உள்ளூர்க்காரர்கள் மறுத்துவிட்டதால் வெளியூர்க் குழுவைக் கைப்பேசியில் அழைக்கும் நிலை வந்துவிட்டது. அழைக்கிறவர் 'வாடா' என்று பேச முடியாது. தேதி கேட்க வேண்டும். அந்தத் தேதியில் வேறு ஊருக்கு ஒப்புக்கொண்டிருந்தால் குழுத் தலைவர் முடியாது என்பார். அழைத்தவர் அடுத்த குழுவின் எண்ணைத் தேட வேண்டும். எத்தனை பேர் வருவார்கள், ஆளுக்கு எவ்வளவு, பாதிப் பணம் எப்போது என்று சாவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு பேரம் பேச வேண்டும்.